கொம்பு வரைந்த சீட்டு

'நூறு சதவீத வருகை' என்று முதுகில் தங்க நூலால் தைத்த ஜாக்கெட் ஒன்று ஆர்லிஸ் டோலெஃப்சனிடம் இருக்கிறது. அதன் மேல் அவளுடைய நாய் படுத்துத் தூங்கும். முதலில் ஒரு நாய் படுத்தது. அது செத்த பிறகு அடுத்த நாய் படுக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது, "நல்ல ஜாக்கெட்டாச்சே, இப்படிப் பாழாக்குறீங்களே" என்று பதறினால், "வெளியில எறியாம வெச்சிருக்கேனே, அதுவே பெரிசு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. காபி மட்டும் வரும்.

வடக்கு விஸ்கான்சினில் அவள் ஊரில் வேலை என்றால் கதவுத் தொழிற்சாலைதான். ஆர்லிஸ் பத்தொன்பது வயதில் அங்கே போனாள். முதலில் கதவுகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. எந்த மரம், எந்த அளவு, எந்த ஊருக்குப் போகிறது என்று ஒவ்வொரு கதவிலும் ஒரு சீட்டு. பிறகு கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆபீசில் உட்கார வைத்தார்கள். எண்பத்தேழில் ஊழியர் பிரிவு மேஜை காலியானபோது அதையும் அவள் தலையில் கட்டினார்கள். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது என்பதுதான் நிர்வாகத்தின் துரதிர்ஷ்டம்.

தொண்ணூற்று மூன்றில் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் வந்தது. அதை விளக்குவதற்கு ஒரு மோட்டல் கூடத்தில் ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். கம்பெனி சார்பில் ஆர்லிஸ் போனாள். மற்ற கம்பெனிக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்தார்கள். ஆர்லிஸ் அசரவில்லை. பேனா தீர்ந்துபோய்ப் பக்கத்து நாற்காலிக்காரரின் பேனாவை வாங்கி எழுதினாள். தனக்கோ பெற்றவருக்கோ பிள்ளைக்கோ துணைக்கோ கடுமையான நோய் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு வாரம். சம்பளம் கிடையாது, ஆனால் வேலை விடுப்பு எடுத்தவருக்காகக் காத்திருக்க வேண்டும், மருத்துவக் காப்பீடு அறுபடக் கூடாது. அன்று சாயங்காலம் காரில் திரும்பும்போது பாதி வழியில் ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். ஒன்பது வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா இந்தச் சட்டம் என்ற ஆத்திரம். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு வண்டியை எடுத்தாள்.

சட்டத்தின் அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஆர்லிஸ் அதைச் சாப்பாட்டு அறையில் ஒட்டினாள். நவம்பர் வந்தால் அது மறைந்துவிடும். ஏனென்றால் அந்தச் சுவரில்தான் மான் பந்தயப் பலகையைத் தொங்கவிடுவார்கள். யார் பெரிய கொம்புள்ள மானைச் சுட்டார்களோ அவர்களுக்குப் பரிசு. ஆர்லிஸ் பலகையை நகர்த்துவாள். மறுநாள் பலகை பழைய இடத்தில் இருக்கும். வருடா வருடம் இதே கூத்துதான்.

நவம்பரில் அரசாங்கம் ஒன்பது நாள் மட்டும் காட்டை மான் வேட்டைக்குத் திறந்துவிடும்போது அந்த ஊரில் ஆண், பெண், பாதிரியார் யாரும் வீட்டில் தங்குவதில்லை. வேலைக்கு வராதவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு புள்ளி என்று தொழிற்சாலையில் ஒரு கணக்கு உண்டு. எட்டுப் புள்ளி சேர்ந்தால் வேலை போய்விடும். அதற்குப் பயந்து மான் வாரத்தில் எல்லோருக்கும் திடீரென்று நோய் வரும். மாமியார் விழுந்துவிடுவாள். பெரியப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும். ஒருவன் ஒரே மாமாவை மூன்று வருடம் தொடர்ந்து அடக்கம் செய்தான். போன் எடுக்கிற மேனேஜர் கோர்டி ஹால்வர்சன் இந்தப் பொய்களையெல்லாம் வராதோர் சீட்டில் எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு ஜோடி மான் கொம்பு வரைந்து வைப்பார். அதைப் பார்த்து ஆபீசே சிரிக்கும். உண்மையைச் சொன்னால் ஆர்லிஸும் சிரித்திருக்கிறாள்.

தொண்ணூற்றொன்பதில் கோர்டி சிரிக்கிற நிலையில் இல்லை. மினியாபொலிஸில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அறுநூறு கதவுகள் டிசம்பர் பத்துக்குள் போயாக வேண்டும். அந்த ஆண்டு மான் வாரத்தில் ஒரு நாளுக்கு இரண்டு புள்ளி என்று அறிவித்தார். தானும் வேட்டைக்குப் போகவில்லை. பதினாறு வயதிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாதவர், துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் பூட்டிவிட்டு வேலைக்கு வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. 

ஆர்லிஸ் மட்டும் தன் ஒரு வார விடுப்பை ஜனவரியிலேயே எழுதி வாங்கியிருந்தாள். கிளம்புவதற்கு முன் கோர்டியிடம் ஒன்று சொன்னாள்.

"கோர்டி, யாராவது உடம்பு சரியில்லன்னு போன் பண்ணா, என்ன ஏதுன்னு ரெண்டு கேள்வி கேட்டு எழுதி வை. எல்லாரும் மான் சுடத்தான் போறாங்கன்னு நெனைக்காத."

"நீங்க மட்டும் மான் சுடப் போறீங்க, எனக்கு உபதேசம் வேற" என்றார் கோர்டி. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, அவர் அம்மா வெளியே போகிற நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்டவள் ஆர்லிஸ். அதனால் அவர் மேனேஜரான பிறகும் அவளை 'நீங்க' என்பார், அவள் அவரை 'நீ' என்பாள்.

செவ்வாய்க்கிழமை அவள் காட்டிலிருந்து வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது சபையின் ஜெபச் சங்கிலியிலிருந்து போன் வந்தது. மாவிஸ் ஜாஸ்ட்ரோவை எண்பது மைல் தள்ளியுள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, ஜெபியுங்கள், அடுத்த ஆளுக்குச் சொல்லுங்கள். மாவிஸின் கணவன் லைல் தொழிற்சாலையில் கதவுச் சட்டங்களைப் பசை தடவி இறுக்குகிற கிளாம்ப் இயந்திரத்தில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறான். ஆர்லிஸ் அடுத்த ஆளுக்குச் சொன்னாள். லைல் கோர்டிக்குப் போன் பண்ணியிருப்பான், கோர்டி எழுதி வைத்திருப்பான் என்று நினைத்தாள். தான் ஒரு தடவை ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் காலை மறுபடி காட்டுக்குப் போய்விட்டாள். இந்தக் குற்றத்தை அவள் பிறகு யாரிடமும் பூசி மெழுகவில்லை.

புதன்கிழமை அவள் சுட்டது பத்துக் கிளைக் கொம்பு கொண்ட ஆண் மான். பந்தயப் பலகையில் எழுதினால் அந்த வருடப் பரிசு அவளுக்குத்தான். எழுதவில்லை. லைல் இந்த வருடம் வேட்டைக்குப் போகவில்லை, அவர்கள் வீட்டு உறைபெட்டி குளிர்காலம் முழுக்கக் காலியாக இருக்கும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் மானை ஏற்றிக்கொண்டுபோய், ஆளில்லாத ஜாஸ்ட்ரோ வீட்டு முன்னாலிருந்த மேப்பிள் மரத்தில் தொங்கவிட்டு வந்தாள். அந்தக் குளிரில் பத்து நாளானாலும் கெடாது.

திங்கட்கிழமை காலை ஆர்லிஸ் வேலைக்கு வந்தபோது அவள் மேஜையில் ஒரு படிவம் இருந்தது. லைல் ஜாஸ்ட்ரோ பணிநீக்கம். நான்கு நாள் வரவில்லை, நாளுக்கு இரண்டு புள்ளி, மொத்தம் எட்டு. கோர்டியின் கையெழுத்து இருந்தது. ஊழியர் பிரிவுக் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்டியின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"இது என்ன?"

"என்னன்னு தெரியலையா? கையெழுத்துப் போடுங்க. மதியம் ரெண்டு மணிக்கு அவனை வரச் சொல்லியிருக்கேன்."

"மாவிஸ் ஆஸ்பத்திரியில இருக்கா, கோர்டி."

"ஆமாமா. எல்லார் பொண்டாட்டியும் போன வாரம் ஆஸ்பத்திரியிலதான் இருந்தாங்க." கோர்டி நாற்காலியில் சாய்ந்தார். "சனிக்கிழமை நான் என் கண்ணால பாத்தேன். அவன் வீட்டு முன்னால மேப்பிள் மரத்துல தொங்குது. பத்துக் கிளைக் கொம்பு. நான் இங்க பசை நாத்தத்துல செத்துக்கிட்டிருக்கேன், அவன் பொண்டாட்டி பேரைச் சொல்லிட்டுப் போய் அப்படி ஒரு மானைச் சுட்டிருக்கான்!"

"கிட்டப் போய்ப் பாத்தியா?"

"எதுக்கு? அந்தக் கொம்பு ரோட்லேர்ந்தே தெரியுது."

"காதுல உரிம அட்டை கட்டியிருக்கும். சுட்டவங்க பேரு அதுல இருக்கும். படிச்சியா?"

"படிக்கலை."

"படிச்சிருந்தா டோலெஃப்சன்னு இருந்திருக்கும்."

கோர்டி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். லைலை மறந்துவிட்டார். பணிநீக்கத்தை மறந்துவிட்டார். 

"நீங்களா? பத்துக் கிளையா?" 

"ஆமா."

"எந்த இடத்துல?"

"அதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? அவங்க வீட்டுக்குக் கறி வேணும்னு கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். லைல் அதை இன்னும் பாத்திருக்கவே மாட்டான். அவன் வீட்டுக்கே போகலை."

கோர்டிக்குக் காது மடல் சிவந்தது. ஆனால் தன் தப்பு தெரிந்ததும் கை தூக்குகிற சாதி இல்லை அவர். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, மான் அவனது இல்லை. அதுக்காக ரூல் மாறிடுமா? விடுப்பு வேணும்னு முறையா ஒரு வார்த்தை கேட்டானா? அந்தச் சட்டத்தோட பேரையாவது சொன்னானா? 'வரமுடியல'ன்னான், வெச்சிட்டான். முழுசா ஆறு வார்த்தை பேச மாட்டான் அந்த ஆள்."

"சீட்டை எடு."

"எந்தச் சீட்டு?"

"போன வாரம் நீ எழுதின வராதோர் சீட்டு. லைல் பேர்ல நாலு இருக்கும். எடு."

கோர்டி எடுக்கவில்லை. அவளே காகிதத் தட்டிலிருந்து தேடி எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். திங்கட்கிழமைச் சீட்டில், 'மனைவி ஆஸ்பத்திரியில்.' பக்கத்தில் ஒரு ஜோடிக் கொம்பு. செவ்வாய்க்கிழமை, 'மனைவி, அதே கதை.' கொம்பு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. புதன்கிழமை கொம்புக்குக் கீழே மான் முகமும் வந்திருந்தது, நாக்கைத் துருத்திக்கொண்டு. வியாழக்கிழமை நன்றி நாள் பண்டிகை, தொழிற்சாலை மூடல். வெள்ளிக்கிழமைச் சீட்டில் எழுத்தே இல்லை, கொம்பு மட்டும்தான்.

"படி" என்றாள் ஆர்லிஸ்.

"எனக்குத் தெரியாதா என்ன எழுதினேன்னு?"

"வாய்விட்டுப் படி, கோர்டி."

"மனைவி ஆஸ்பத்திரியில்" என்று முணுமுணுத்தார்.

"அவ்வளவுதான். அவன் சட்டத்தோட பேரைச் சொல்ல வேண்டியதில்லை. அது அவன் வேலையே இல்லை. பொண்டாட்டி ஆஸ்பத்திரியிலன்னு அவன் சொன்ன நிமிஷமே, 'என்ன உடம்புக்கு, எத்தனை நாளாகும்'னு கேக்க வேண்டியது நம்ம வேலை. ரெண்டு நாள்ல அவன் கையில பேப்பர் குடுத்திருக்கணும். டாக்டர்கிட்ட எழுதி வாங்க அவனுக்குப் பதினஞ்சு நாள் டைம் இருக்கு. அந்த நாளுக்கெல்லாம் புள்ளி போடக் கூடாது. ஒண்ணுகூடப் போடக் கூடாது. நீ எட்டுப் போட்டிருக்க. போட்டதோட விடாம படமும் வரைஞ்சிருக்க."

"அது தமாஷுக்கு."

"கோர்ட்ல ஜட்ஜ்கிட்ட சொல்லு தமாஷுன்னு. கம்பெனி மேல மட்டும்தான் கேஸ் வரும்னு நெனைக்காத. உன் பேரையும் சேத்துப் போடலாம். அந்த வகுப்புல சொன்னாங்க, நான் எழுதி வெச்சிருக்கேன்."

கோர்டி எழுந்து நின்றார். ஆறடிக்கு மேல் உயரம், எழுந்தால் அறை சின்னதாகிவிடும். "ஆர்லிஸ், நல்லதுக்குச் சொல்றேன். அறுநூறு கதவு பாக்கி. இவனுக்கு விட்டா நாளைக்கு எல்லாப் பயலும் பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னு வருவான். நான் மில்வாக்கி தலைமை ஆபீசுக்குப் போன் பண்ணி, ஊழியர் பிரிவு ஒத்துழைக்கலைன்னு சொன்னா, உங்க வேலையும் போயிடும். ரிடையராக நாலு வருஷம்தான் இருக்கு உங்களுக்கு."

"நாப்பத்தி ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கேன். நாலு வருஷத்தைக் காட்டி என்னை மிரட்டுறியா?" அவள் படிவத்தை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் செருகினாள். "இதுல என் கையெழுத்து விழாது. நீ போன் பண்ணு. ஸ்பீக்கர்ல போடு. நானும் கேக்கறேன்."

கோர்டி போன் பண்ணினார். மில்வாக்கியில் எடுத்தது கம்பெனி வக்கீல் பெண். கோர்டி தன் பக்கத்தைச் சொன்னார். ரூல், புள்ளி, ஆர்டர், ஒத்துழைக்காத ஊழியர் பிரிவு. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சீட்டுகளை ஃபேக்ஸ் பண்ணுங்க" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நான்கு சீட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஃபேக்ஸ் இயந்திரத்துக்குள் போயின. நாக்கைத் துருத்திய மான் போனபோது கோர்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. இந்த முறை அவர் ஸ்பீக்கரில் போடவில்லை. காதில் வைத்துக்கொண்டு, "ஆமாம்... இல்லை... ஆமாம், நான்தான் வரைஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். வைக்கும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"விடுப்பு குடுக்கச் சொல்றாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேப்பரைப் போட்டுடுங்க. போன திங்கக்கிழமை தேதி போட்டுடுங்க. யாருக்கும் பிரச்சினை இருக்காது."

"இன்னைக்குத் தேதிதான் போடுவேன்."

"ஏங்க இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க? அவனுக்கு வேலை கெடைச்சாச்சு. இன்னும் என்ன?"

"போன திங்கக்கிழமை நான் மரத்து மேல துப்பாக்கியோட உக்காந்திருந்தேன். என் கையெழுத்து இங்க எப்படி வந்துதுன்னு எவனாவது கேட்டா என்ன சொல்வ?" ஆர்லிஸ் தட்டச்சு இயந்திரத்தை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விடுப்பு போன திங்கட்கிழமையிலிருந்து கணக்காகும் என்று அடித்தாள். அறிவிப்புக் கொடுத்த தேதி இன்று என்று அடித்தாள். அதற்குக் கீழே, 'தாமதம் ஊழியரின் தவறு அல்ல. மேனேஜரும் ஊழியர் பிரிவும் கடமையைச் செய்யவில்லை' என்று அடித்துத் தன் பெயரை எழுதினாள். கோர்டியிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டார்.

இரண்டு மணிக்கு லைல் வந்தான். ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி, இன்னொரு கையில் கருவிப் பை, கக்கத்தில் ஒரு பழைய ஸ்வெட்டர். காலை ஏழு மணியிலிருந்து கிளாம்பில் நின்றுவிட்டு வருகிறான். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"லாக்கரைக் காலி பண்ணிட்டேன்" என்றான். "பூட்டையும் எடுத்துட்டேன். உங்களுக்குச் சிரமம் வேணாம்."

"யாரு உன்னைக் காலி பண்ணச் சொன்னா?" என்றாள் ஆர்லிஸ்.

"கேள்விப்பட்டேன்."

"உக்காரு. மாவிஸ் எங்க?"

"ஆஸ்பத்திரியில."

"கூட யாரு?"

லைல் தொப்பியைக் கழற்றி அதையே பார்த்தான். "யாருமில்லை. டிவியைப் போட்டு வெச்சிட்டு வந்தேன்."

ஆர்லிஸ் காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். "உனக்குப் பன்னெண்டு வாரம் விடுப்பு இருக்கு, லைல். போன வாரம் ஒண்ணு போச்சு, இன்னும் பதினொண்ணு. வேலை உனக்காக இருக்கும், இன்ஷூரன்ஸும் இருக்கும். இதுல கையெழுத்துப் போடு, டாக்டர் பேப்பரை அப்புறமா கொண்டா. இப்பவே கெளம்பு."

லைல் காகிதத்தைத் தொடவில்லை. "வேணாம்."

"என்ன வேணாம்?"

"எனக்காக எதுவும் செய்ய வேணாம். ஆர்டர் இருக்கு. நான் போனா என் கதவையும் சேத்து மத்தவங்க செய்யணும். யாருக்கும் பாரமா இருக்க எனக்கு இஷ்டமில்லை. ஷிப்ட் முடிஞ்சதும் போய்ப் பாத்துக்கறேன். டாக்டர் அவளுக்கு இன்னும் ரெண்டு மாசமாவது இருக்குங்கறாரு."

கோர்டியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பார்த்தீர்களா, அவனே வேண்டாம் என்கிறான் என்பதுபோல ஆர்லிஸைப் பார்த்தார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பொறுமை போனது. மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தாள். கோப்புகளுக்குக் கீழே கையை விட்டுப் பழுப்பேறிய ஒரு சீட்டை எடுத்தாள். அதே வராதோர் சீட்டுதான், பழைய வடிவம். பதினைந்து வருடமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது. அதை லைலின் முன்னால் வைத்தாள்.

"படி. உனக்குத்தான் சொல்றேன், லைல்."

அவன் படித்தான். 1984 மார்ச். ஆர்லிஸ் டோலெஃப்சன், சீட்டு ஒட்டும் பிரிவு. கோரிக்கை: மூன்று நாள். காரணம்: கணவர் நார்மன் சாகும் நிலையில். அதன் குறுக்கே வேறு மையில்: 'ஆர்டர் இருக்கிறது. அடுத்த வாரம் பார்க்கலாம்.' கீழே ஒரு கையெழுத்து.

"அப்ப சட்டம் இல்லை" என்றாள் ஆர்லிஸ். "எனக்கும் யாருக்கும் பாரமா இருக்க இஷ்டமில்லை. நானும் நல்ல பொண்ணு மாதிரி சரின்னுட்டு லைனுக்குப் போயிட்டேன். புதன்கிழமை காலைல பத்தே முக்காலுக்கு நார்மன் போயிட்டாரு. ஆபீசுக்குப் போன் வந்துது. லைன் நின்னுடும்னு மதியச் சாப்பாடு வரைக்கும் என்கிட்ட சொல்லலை. அந்த நேரத்துல நான் நாப்பத்தோரு கதவுக்குச் சீட்டு ஒட்டியிருக்கேன். என் புருஷன் செத்துப்போய்க் கெடக்கறாரு, நான் சீட்டு ஒட்டிக்கிட்டிருக்கேன். நாப்பத்தொண்ணு. அப்புறமா உக்காந்து எண்ணினேன்."

 கீழே ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வியாழனும் வெள்ளியும் வேலைக்கு வந்தேன், சனிக்கிழமை அடக்கம் வெச்சாங்க. அதனால ஒரு நாளும் லீவு கணக்குல வரலை. டிசம்பர்ல ஜாக்கெட் குடுத்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நீயும் தட்டினே, லைல். எனக்கு ஞாபகம் இருக்கு."

லைல் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோர்டி மெதுவாகக் கிட்ட வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அந்தக் கையெழுத்தை அவர் படிக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் பன்னிரண்டு வருடம் பார்த்த கையெழுத்து அது. எச். ஹால்வர்சன். அவருடைய அப்பா, அப்போதைய மேனேஜர்.

"இதை எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே" என்றார்.

"உன் அப்பா உயிரோட இருந்தாரு. ஞாயித்துக்கிழமை என் முன் பெஞ்சுலதான் உக்காருவாரு. அவர் பிடரியைப் பாத்துக்கிட்டே ஜெபம் பண்ணக் கத்துக்கிட்டேன்." லைல் பக்கம் திரும்பினாள். "இது தானமில்லை. யாரும் உனக்குச் சலுகை காட்டலை. உனக்கு உரியது, எடுத்துக்கிட்டுப் போ. நீ இதுல கையெழுத்துப் போடலைன்னா உன்னை விட மாட்டேன், கிளாம்பு பக்கமும் விட மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்காந்திருப்போம், மூணு பேரும். மாவிஸ் அங்க டிவி பாத்துக்கிட்டிருக்கட்டும்."

லைல் பேனாவை எடுத்தான். பசை காய்ந்த விரல்கள், பெயரை எழுத நேரமானது. எழுதி முடித்ததும் எழுந்து நின்றான். கருவிப் பையை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தான்.

"அது இங்க இருக்கட்டும்" என்றார் கோர்டி.  "திரும்பி வரும்போது வேணுமில்லையா. கிளாம்புல நான் நிக்கறேன். பத்து வருஷம் நின்னிருக்கேன், மறந்திருக்காது."

லைல் தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஜன்னல் வழியாக அவன் வண்டி வாசலைத் தாண்டுவதை இருவரும் பார்த்தார்கள். கோர்டி சட்டைப் பையிலிருந்த படிவத்தை எடுத்துக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பசை வேலைக்கான மேலங்கியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கதவுகள் நான்கு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. மினியாபொலிஸ்காரர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். அதனால் உலகம் ஒன்றும் முடிந்துவிடவில்லை.

ஜனவரி கடைசியில் மாவிஸ் போனாள். பிப்ரவரி நடுவில் லைல் வேலைக்குத் திரும்பினான். அதே ஷிப்ட், அதே கிளாம்ப், அதே லாக்கர். முதல் நாள் மணி அடிப்பதற்கு முன் ஆர்லிஸின் மேஜைக்கு வந்து, காகிதத்தில் சுற்றிய மான் தொத்திறைச்சி இரண்டை வைத்தான்.

"உங்க மான்தான்" என்றான்.

"நல்லா இருக்கும்."

அவன் போகாமல் நின்றான். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"கூடத்தான் இருந்தேன்" என்றான். "கையைப் பிடிச்சிக்கிட்டு."

"அது போதும், லைல்."

அவன் போனதும் ஆர்லிஸ் இழுப்பறையைத் திறந்து பழுப்புச் சீட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனாள். சட்ட அறிவிப்பின் கீழே, நான்கு மூலைக்கும் நான்கு ஊசி குத்தி அதை மாட்டினாள். காபி எடுக்க வந்த கோர்டி பார்த்துவிட்டார். அருகில் வந்தார்.

"எடுத்துடுங்க, ஆர்லிஸ். எங்கப்பா பேரு இருக்கு."

"என் புருஷன் பேரும் இருக்கு."

கோர்டி காபியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நவம்பரில் மான் பந்தயப் பலகையை அவரே தூக்கிக்கொண்டுபோய் எதிர்ச் சுவரில் தொங்கவிட்டார்.